ஒரே நெட்வொர்க், பல அரசுகள்: சண்டையில்லாமல் சேர்ந்து நடத்தும் வழி

அடுத்தடுத்து இருக்கும் நாலைந்து உள்ளாட்சிகள், அல்லது சில மாவட்ட நிர்வாகங்கள், சில சமயம் சின்னச் சின்ன நாடுகளே கூட, "ஆளுக்கொரு டவர், ஆளுக்கொரு கேபிள் என்று ஏன் தனித்தனியாகச் செலவு செய்கிறோம், எல்லாரும் சேர்ந்து ஒன்றாகப் போட்டுவிடலாமே" என்று பேச ஆரம்பிப்பது வழக்கம். யோசனை நல்லதுதான். தீயணைப்பும் போலீஸும் ஆம்புலன்ஸும் பேசிக்கொள்ளும் ரேடியோ ஆகட்டும், அலுவலகங்களையும் மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் இணைக்கும் ஃபைபர் ஆகட்டும், பெரிய செலவெல்லாம் கோபுரம் கட்டுவதிலும் பள்ளம் தோண்டுவதிலும்தான் போகிறது. அதைப் பங்கு போட்டால் எல்லாருக்கும் சுமை குறையும். இந்த வேலையை அரசுத் தரப்பிலிருந்து ஒருங்கிணைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், அதாவது நீங்கள் பொறியாளரோ, ஆணையரோ, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தலையில் கட்டப்பட்ட ஐடி பிரிவு ஆளோ, இது உங்களுக்கு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் எழுதும்போது, கூட்டாளிகள் ஏற்கெனவே சண்டை போட்டுப் பிரியப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் ஆரம்ப நாட்களில்தான் சங்கடமான கேள்விகளைக் கேட்க முடியும்: சொத்து யார் பெயரில், உடைந்தால் யார் காசு, ஒருவர் பங்கைக் கட்டாமல் விட்டால் என்ன செய்வது, விலகிப் போனால் கோபுரம் யாருக்கு. இதையெல்லாம் மூன்று வருடம் கழித்துக் கேட்டால் வக்கீல் நோட்டீஸ்தான் பதிலாக வரும்.

எதைப் பகிர்கிறீர்கள்?

"நெட்வொர்க்கைப் பகிர்வோம்" என்று ஒரே மேசையில் உட்கார்ந்து தலையாட்டும் நாலு பேர் மனதில் நாலு வேறு படம் இருக்கும். ஒருவர் இடத்தை மட்டும் பகிர்வதாக நினைப்பார், அதாவது கோபுரம், கம்பம், மண்ணுக்குள் போகும் குழாய். இன்னொருவர் இழையை நினைப்பார்: ஒரே கேபிளுக்குள் 96 இழை போட்டு ஆளுக்குச் சில இழைகளை ஒதுக்கிவிடுவது, அதற்கு ஒளி ஏற்றுவது, அதாவது முனைகளில் கருவி பொருத்தித் தகவல் அனுப்புவது, அவரவர் பாடு. மூன்றாமவருக்கு ரவுட்டர், ரேடியோ மையக் கருவி எல்லாம் பொது. நாலாமவரோ, தனக்கு ஒரு பில் வந்தால் போதும், மற்றதை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பில் இருப்பார். இந்த வரிசையில் மேலே போகப்போக மிச்சமும் கூடும், ஒருவர் கையை ஒருவர் நம்பியிருப்பதும் கூடும்.

முதன்முறையாகச் சேர்கிறவர்களுக்கு என் யோசனை: ஃபைபர் என்றால் கீழ்மட்டத்தில் தொடங்குங்கள். ஸ்டாக்ஹோம் நகரம் 1994-ல் ஆரம்பித்த ஸ்டோகாப் நிறுவனம் ஒளி ஏற்றாத வெற்று இழையை மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வாடகைக்கு விடுகிறது, அதன் மேல் சேவை நடத்துவது மற்றவர்கள் வேலை. எல்லை தெளிவாக இருப்பதால் யார் என்ன செய்ய வேண்டும் என்ற குழப்பம் குறைவு. அவசரகால ரேடியோவில் இது நடக்காது. அதில் அழைப்புகளைக் கட்டுப்படுத்தும் மையக் கருவியே பொதுவாக இருந்தால்தான் பலன், ஆகவே அங்கே நிர்வாகத்தையும் சேர்த்துத்தான் பகிர வேண்டியிருக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலர் அதை யோசிப்பதே இல்லை. அவரவர் நெட்வொர்க்கை அவரவர் வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு இணைப்பு மட்டும் கொடுப்பது. நார்வேயின் நோட்நெட், ஸ்வீடனின் ராக்கேல் என்ற இரண்டு அவசரகால ரேடியோ வலையமைப்புகளை 2016-ல் அப்படித்தான் இணைத்தார்கள். எல்லை தாண்டிப் போகும் மீட்புக் குழு தன் ரேடியோவிலேயே பேசலாம், ஆனால் எந்த அரசும் தன் நெட்வொர்க்கை இன்னொருவரிடம் ஒப்படைக்கவில்லை. உங்கள் கூட்டாளிகளில் இரண்டு பேர் ஏற்கெனவே புதிதாக நெட்வொர்க் போட்டு முடித்திருந்தால், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்றாக்குவதைவிட இது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கணக்கெடுப்பு

அடுத்த வேலை கையில் இருப்பதை எண்ணுவது. ஆவணத்தில் இருக்கும் கோபுரமும் மண்ணில் நிற்கும் கோபுரமும் ஒன்றாக இருக்காது, நேரில் போய்ப் பார்க்க ஆள் அனுப்புங்கள். கோபுரம் இன்னும் எத்தனை ஆன்டெனாவைத் தாங்கும் என்பதற்குக் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து வேண்டும், கண்ணால் பார்த்துச் சொல்வது செல்லாது. ஃபைபர் வரைபடத்தை நம்பாமல் இழையை அளந்து பாருங்கள். இரண்டு தனித்தனிப் பாதை என்று வரைபடத்தில் காட்டுவது பல சமயம் ஒரே பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கட்டப்பட்ட இரண்டு குழாயாகத்தான் இருக்கும், பாலம் போனால் இரண்டும் போச்சு.

அப்புறம் குத்தகைப் பத்திரங்கள். இதைக் கடைசியில் பார்க்கலாம் என்று தள்ளிவிடுவார்கள், தயவுசெய்து தள்ளாதீர்கள். கோபுரம் நிற்கும் நிலம் வேறொருவருடையதாக இருந்தால், அந்தப் பத்திரத்தில் "இந்தத் துறையின் உபயோகத்துக்கு மட்டும்" என்று ஒரு வரி இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பக்கத்து ஊராட்சியின் கருவியை அதில் ஏற்றிய மறுநாள் நில உரிமையாளர் வாடகையை ஏற்றச் சொல்லி வந்து நிற்பார், நியாயமும் அவர் பக்கம்தான் இருக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் குத்தகை முடியும் தேதி, மின் இணைப்பு யார் பெயரில், அலைவரிசை உரிமம் யார் பெயரில், சாவி யாரிடம் என்று ஒரே அட்டவணையில் கொண்டுவந்துவிட்டால், பின்னால் நடக்கப்போகும் வாக்குவாதத்தில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

யார் நடத்துவது?

பொதுவாக மூன்று வழி. ஒரு பெரிய அமைப்பு தலைமை ஏற்று நடத்தும், மற்றவர்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு காசு கொடுத்துப் பயன்படுத்துவார்கள். அல்லது எல்லாரும் சேர்ந்து சட்டப்படி தனியாக ஒரு கூட்டு ஆணையம் அமைப்பார்கள், அதற்கென்று ஆட்சிக்குழு, வங்கிக் கணக்கு, ஊழியர்கள் இருப்பார்கள். அல்லது ஒரு நிறுவனத்திடம் மொத்தமாக ஒப்படைத்துவிட்டு மேற்பார்வை மட்டும் செய்வார்கள். இரண்டு மூன்று பேர்தான், கடனும் வாங்கப் போவதில்லை என்றால் முதல் வழி போதும், தனி ஆணையத்தின் தணிக்கைச் செலவுகூட மிச்சம். நாலு பேருக்கு மேல் போனாலோ கடன் பத்திரம் வெளியிடுவதாக இருந்தாலோ தனி ஆணையம்தான் சரி, ஏனென்றால் தலைமை ஏற்ற அமைப்பின் நிர்வாகம் தேர்தலில் மாறும்போது மொத்த நெட்வொர்க்கின் முன்னுரிமையும் சேர்ந்து மாறிவிடக் கூடாது. மூன்றாவது வழியில் மேற்பார்வைக்கும் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்பதை மறந்துவிட்டு, இருந்த பொறியாளரையும் வேறு பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கூட்டு ஆணையம் என்றதும் "எங்கள் அதிகாரத்தைப் பறிக்கிறார்கள்" என்ற பேச்சு வரும். இதற்குக் கிழக்குக் கரீபிய நாடுகள் கண்ட வழி கவனிக்கத்தக்கது. டொமினிக்கா, கிரெனடா, செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ், செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் ஆகிய ஐந்து நாடுகளும் 2000-ல் ஒப்பந்தம் போட்டு எக்டெல் என்ற பொது அமைப்பை உண்டாக்கின. கொள்கை, அலைக்கற்றைத் திட்டம், உரிம விண்ணப்பத்தை ஆராய்ந்து பரிந்துரைப்பது எல்லாம் பொது அமைப்பின் பொறுப்பு. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் தனி ஒழுங்குமுறை ஆணையம் உண்டு, உரிமம் வழங்குவது அந்தந்த நாட்டு அரசுதான். நிபுணர்களைப் பொதுவில் வைத்துக்கொண்டு கையெழுத்தை அவரவரிடமே விட்டுவிட்டார்கள். உங்கள் கூட்டமைப்பு சின்னதாக இருந்தாலும் இந்தப் பிரிவினை பொருந்தும்.

வாக்குரிமையில் பெரிய ஊருக்கும் சின்ன ஊருக்கும் கட்டாயம் முட்டும். ஆளுக்கொரு ஓட்டு என்றால் அதிகம் காசு போடுகிறவர் கோபப்படுவார், காசுக்கேற்ற ஓட்டு என்றால் சின்னவர்கள் வெறும் பார்வையாளர்கள். நான் சிபாரிசு செய்வது இரட்டைப் பூட்டு: அன்றாட முடிவுகளுக்கு ஆளுக்கொரு ஓட்டு, ஆண்டு பட்ஜெட், கடன், புதிய உறுப்பினர் சேர்ப்பு போன்றவற்றுக்கு உறுப்பினர்களில் பெரும்பான்மை, பங்களிப்பிலும் பெரும்பான்மை, இரண்டும் வேண்டும். கூட்டத்துக்கு வருகிறவர் முடிவெடுக்கக் கூடியவராக இருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்பவர்களை வைத்து ஒரு வருடம் கூட்டம் நடத்தினாலும் தேநீர் செலவுதான் மிச்சம்.

ஆட்சிக்குழுவில் ஐடி ஆட்களும் நிதி ஆட்களும் மட்டும் உட்கார்ந்திருந்தால் போதாது. ரேடியோவைக் கையில் பிடித்து வேலை செய்யும் தீயணைப்பு அதிகாரி, கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர் ஆகியோருக்குத் தனியாகப் பயனாளர் குழு அமைத்து, அவர்கள் சொல்வதை ஆட்சிக்குழு எழுத்தில் பதில் சொல்லித்தான் ஒதுக்க முடியும் என்று வையுங்கள். அமெரிக்காவில் சேஃப்காம் என்ற அரசுத் திட்டம், அமைப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் திறனுக்கு ஐந்து அம்சங்களைச் சொல்கிறது: நிர்வாகம், செயல்முறை விதிகள், தொழில்நுட்பம், பயிற்சி, அன்றாடப் பயன்பாடு. ஐந்தில் ஒன்றுதான் கருவி வாங்குவது, ஆனால் பெரும்பாலான கூட்டமைப்புகளின் கூட்டக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தால் கருவியைப் பற்றித்தான் பேச்சு முழுக்க இருக்கும்.

பணம்

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கூட்டமைப்புகள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் மூன்று பையாகப் பிரியுங்கள். கட்டுமானச் செலவு ஒன்று, ஆண்டுதோறும் நடத்தும் செலவு ஒன்று, பழையதை மாற்றுவதற்கான நிதி ஒன்று. மூன்றையும் ஒரே கணக்கில் கலந்தால், மூன்றாவது பைதான் முதலில் காலியாகும், அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

பங்கைப் பிரிக்கும் சூத்திரத்துக்கு வருவோம். ஒரு கற்பனைக் கணக்கு. நகரம் ஒன்று, மக்களில் 60 சதவீதம் அங்கே, பரப்பில் 10 சதவீதம். நடுத்தர ஊர் ஒன்று, மக்களில் 30, பரப்பில் 20. மலைப்பகுதி ஒன்று, மக்களில் 10 சதவீதம்தான், ஆனால் பரப்பில் 70. மக்கள்தொகைப்படி பிரித்தால், "கோபுரமெல்லாம் மலையில், பில் மட்டும் எங்களுக்கா" என்று நகரம் கேட்கும். பரப்பளவுப்படி பிரித்தால் மலைப்பகுதியின் பட்ஜெட்டே தாங்காது. சரி, ரேடியோ எண்ணிக்கைப்படி, ஒரு ரேடியோவுக்கு இவ்வளவு என்று பிரிக்கலாம் என்றால் அது நியாயமாகத்தான் தெரியும், பலரும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதில் ஒரு வினை இருக்கிறது: கட்டணத்தைக் குறைக்க ஒவ்வொரு துறையும் ரேடியோக்களைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும், இரண்டு தீயணைப்பு வீரர்களுக்கு ஒரு ரேடியோ என்று ஆகும். செலவைப் பகிர எழுதிய விதியே ஆளைத் தகவலில்லாமல் நெருப்புக்குள் அனுப்பிவிடும். தவிர, நெட்வொர்க்கின் செலவில் பெரும்பகுதி ரேடியோ எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல, ஆயிரம் ரேடியோ இருந்தாலும் ஐநூறு இருந்தாலும் கோபுரத்துக்கு அதே டீசல்தான். ஆகவே எண்ணிக்கை குறைந்தால் ஒரு ரேடியோவின் கட்டணம் ஏறும், ஏறினால் இன்னும் சிலர் திருப்பிக் கொடுப்பார்கள், அது அப்படியே சுழலும்.

அதனால் கலவைச் சூத்திரம் வையுங்கள். நிலையான செலவை (மையக் கருவி, கோபுரம், ஊழியர்) மக்கள்தொகையையும் பரப்பையும் சேர்த்து எடை போட்ட ஒரு விகிதத்தில் பிரித்துவிட்டு, பயன்பாட்டோடு ஏறி இறங்கும் சின்னப் பகுதியை மட்டும் ரேடியோ அல்லது இணைப்பு எண்ணிக்கையில் பிரிக்கலாம். எண்ணிக்கையை மூன்று வருடச் சராசரியாக எடுங்கள், யாருடைய பங்கும் ஒரே வருடத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறாது என்று உச்சவரம்பு வையுங்கள். பட்ஜெட் போடுகிறவர்களுக்குத் தொகை பெரிதா சிறிதா என்பதைவிட அடுத்த வருடம் எவ்வளவு என்று தெரிவதுதான் முக்கியம்.

கவரேஜ் தரத்தை எழுத்தில் வையுங்கள், "நல்ல கவரேஜ்" என்பது தரம் ஆகாது. எத்தனை சதவீதப் பரப்பில், எத்தனை சதவீத நேரம், வண்டியில் பொருத்திய ரேடியோவுக்கா இடுப்பில் மாட்டிய ரேடியோவுக்கா, வெட்டவெளியிலா கட்டடத்துக்குள்ளா என்று எல்லாம் சொல்ல வேண்டும். வெட்டவெளியில் வண்டி ரேடியோவுக்குப் போட்ட திட்டமும் கட்டடத்துக்குள் கைரேடியோவுக்குப் போட்ட திட்டமும் கோபுர எண்ணிக்கையில் மடங்குக் கணக்கில் வித்தியாசப்படும். எல்லாருக்கும் பொதுவான அடிப்படைத் தரம் ஒன்று, அதற்கு மேல் கேட்பவர் தன் காசில் என்று விதி வைத்தால் நகரத்து அடுக்குமாடிக்கு மலைக்காரர் காசு கொடுக்க வேண்டியிராது. மலையில் நிற்கும் கோபுரம் அந்தப் பக்கம் போகும் நகரத்து ஆம்புலன்ஸுக்கும் உதவுகிறது என்பதை நகரமும் ஒப்புக்கொள்ள வேண்டும், அதைத்தான் அடிப்படைத் தரம் என்கிறோம்.

கடன் வாங்கினால் ரிஸ்க்கையும் பிரித்து எழுதுங்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சில நகரங்கள் 2002-ல் சேர்ந்து யுடோபியா என்ற ஃபைபர் வலையமைப்பைத் தொடங்கின. கடன் பத்திரங்களுக்கு 11 நகரங்கள் தங்கள் விற்பனை வரி வருவாயைப் பிணையாக வைத்தன, உறுப்பினராக இருந்த வேறு சில நகரங்கள் வைக்கவில்லை. எதிர்பார்த்த அளவுக்குச் சந்தாதாரர்கள் ஆரம்ப வருடங்களில் சேரவில்லை, கடன் சுமை பிணை வைத்தவர்கள் தலையில்தான் விழுந்தது. ஒரே மேசையில் ரிஸ்க் எடுத்தவரும் எடுக்காதவரும் உட்கார்ந்தால், விரிவாக்கம் எங்கே முதலில், மறுகடன் வேண்டுமா என்ற கேள்விகளில் இருவருக்கும் ஒரே எடை இருக்கலாமா? இருக்கக் கூடாது என்பது என் கருத்து, ஆனால் எப்படி முடிவு செய்தாலும் பத்திரம் விற்பதற்கு முன் செய்துவிடுங்கள்.

மாற்று நிதி பற்றிச் சுருக்கமாக: ஃபைபர் இருபது வருடத்துக்கு மேல் தாங்கும், ரவுட்டர் ஏழெட்டு வருடம், கோபுரத்தடியில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி மூன்று முதல் ஐந்து வருடம், மென்பொருள் ஒப்பந்தமோ வருடாவருடம் வாயைத் திறக்கும். கட்டுமானத்துக்கு மேலிருந்து மானியம் வந்தாலும் முதல் வருடத்திலிருந்தே தேய்மானத்தைப் பில்லில் சேர்த்து வசூலியுங்கள். இலவசமாக வந்த கருவிதான் மாற்றக் காசில்லாமல் சாகும்.

ஒருவர் பங்கைக் கட்டவில்லை என்றால்? முதலில் வட்டி, பிறகு ஓட்டுரிமை நிறுத்தம், அதற்கும் பிறகு புதிய இணைப்பு கிடையாது என்று படிப்படியாகப் போகலாம். அவசர ரேடியோவை மட்டும் எந்தக் காரணத்துக்கும் துண்டிப்பதில்லை என்று எழுதிவிடுங்கள். பாக்கி வைத்தது நிர்வாகம், ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பவர் இல்லை.

அலைவரிசையும் வழியுரிமையும்

ரேடியோ அலைக்கு நிர்வாக எல்லை தெரியாது. உங்கள் பகுதிக்கு வெளியே இருப்பவரோடும் ஒருங்கிணைக்க வேண்டும், நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் என்றால் தேசிய அளவில் போக வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பல இதற்கென்றே எச்சிஎம் ஒப்பந்தம் என்று ஒன்று வைத்திருக்கின்றன, 29.7 மெகாஹெர்ட்ஸ் முதல் 43.5 கிகாஹெர்ட்ஸ் வரை. அதில் சமிக்ஞை வலிமையைக் கணக்கிடும் முறையே எல்லாருக்கும் பொது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கணக்கிடும் முறை வேறுவேறாக இருந்தால் "என் கணக்கில் உனக்கு இடைஞ்சல் இல்லை, உன் கணக்கில் இருக்கிறது" என்று காலாகாலத்துக்கும் பேசிக்கொண்டிருக்கலாம், அதனால்தான் முறையை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். உங்கள் கூட்டமைப்புக்குள்ளும் இதையே செய்யுங்கள்: ஒரே கணிப்பு மென்பொருள், ஒரே நிலப்பட வரைவு, ஒரே அளவீட்டு முறை. இந்த அனுமதிகளுக்கு மாதக்கணக்கில் ஆகும், ஆகவே கருவிக்கு டெண்டர் விடுவதற்கு முன்னாலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

சாலையைத் தோண்டும் அனுமதிக்கு எல்லா உறுப்பினர்களும் ஒரே படிவம், ஒரே கட்டணம், பதில் சொல்ல ஒரே கெடு என்று ஒப்புக்கொண்டால் வருடக்கணக்கில் மிச்சமாகும். சாலைத் துறை எங்கே தோண்டினாலும் வெற்றுக் குழாய் ஒன்றைச் சேர்த்துப் போட்டுவிட வேண்டும் என்றும் விதி வையுங்கள். சாலை, மின்சாரம், குடிநீர் ஆட்களை மாதம் ஒருமுறை ஒரே அறையில் உட்கார வைத்தால் போதும், இதற்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை.

கருவி வாங்கும்போது

திறந்த தரத்தில், அதாவது எந்த நிறுவனமும் பின்பற்றிக் கருவி செய்யக்கூடிய பொது விதிப்படி செய்ததை வாங்குங்கள், ரேடியோ என்றால் டெட்ரா அல்லது பி25 என்ற டிஜிட்டல் ரேடியோத் தரம். டெட்ராவில் 25 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் நாலு உரையாடல் போகும், பி25-ன் இரண்டாம் கட்டத்தில் 12.5 கிலோஹெர்ட்ஸில் இரண்டு, ஆக அலைக்கற்றைச் சிக்கனத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் எதை வைத்திருக்கிறாரோ அதுவே உங்களுக்கும் பெரும்பாலும் சரியான பதில். ஆனால் தரத்தின் பெயர் பெட்டியில் அச்சிட்டிருக்கிறது என்பதால் மட்டும் இரண்டு நிறுவனக் கருவிகள் ஒத்துப்போய்விடாது. விற்பனையாளர் மேலே சேர்த்துத் தரும் சிறப்பு வசதிகள், குறிப்பாகக் குறியாக்கம், பல சமயம் அவர் ரேடியோவில் மட்டும்தான் வேலை செய்யும். ஆகவே வேறு இரண்டு நிறுவனங்களின் ரேடியோவை உங்கள் நெட்வொர்க்கில் ஓட்டிக் காட்டுவதை டெண்டர் நிபந்தனையாகவே வையுங்கள்.

ஒரே விற்பனையாளரிடம் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. அங்கே போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம் ஏர்வேவ் என்ற தனியார் நெட்வொர்க்கில் ஓடுகின்றன. அதற்குப் பதிலாகப் புதியது கொண்டுவர 2015-ல் ஒப்பந்தங்கள் போட்டார்கள், வேலை தள்ளித் தள்ளிப் போனது, பழையதை நம்பியே இருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் 2023-ல் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் ஏர்வேவ் வசூலிக்கும் கட்டணத்துக்கு வரம்பு விதித்தது. உங்கள் அளவில் இதற்கு மருந்து எளிது: நிர்வாகக் கடவுச்சொற்கள், உள்ளமைவுக் கோப்புகள், குறியாக்கச் சாவிகள், தள வரைபடங்கள் எல்லாம் ஆணையத்தின் சொத்து, ஒப்பந்தம் முடிந்த பிறகும் மாற்றுவழி வரும்வரை இன்ன விலையில் சேவை தொடர வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்குவது.

ஃபைபரை வளையமாகப் போடுங்கள், ஒரு பக்கம் வெட்டுப்பட்டாலும் மறுபக்கம் வழியாகத் தகவல் போய்விடும். இந்தியாவில் 2011-ல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம் கிராம ஊராட்சிகளுக்கு நேர்கோட்டுப் பாதையில் இழை கொண்டுபோனது. நேர்கோட்டில் ஓரிடத்தில் வெட்டுப்பட்டால் அதற்கு அப்பால் இருப்பவர்கள் எல்லாரும் இருட்டில். 2023-ல் ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட திட்டம் வளைய அமைப்புக்கு மாறுகிறது. வளையத்துக்கு வழியே இல்லாத இடத்தில் மைக்ரோவேவோ செயற்கைக்கோளோ மாற்றாக இருக்கட்டும். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்காவின் கடலடிக் கேபிள் அறுந்தபோது, வெளிநாட்டு இணைப்பைச் சரிசெய்ய ஏறக்குறைய ஐந்து வாரம் ஆனது. அதுவரை செயற்கைக்கோளை வைத்துத்தான் சமாளித்தார்கள்.

சேவை அளவுக்கு எண் சொல்லும்போது அதன் அர்த்தத்தையும் ஆட்சிக்குழுவுக்குச் சொல்லுங்கள். நெட்வொர்க் 99.9 சதவீத நேரம் இயங்கும் என்றால் வருடத்தில் எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம், 99.99 என்றால் 53 நிமிடம், 99.999 என்றால் ஐந்து நிமிடச் சொச்சம். ஒவ்வொரு 9-க்கும் செலவு ஏறும். அதை அளப்பது சேவை தருபவராக இருக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

நெருக்கடி நாளுக்கான விதிகள்

நெருக்கடி வந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், யாருக்கு முதலிடம் என்பது அன்றைக்குப் பேசித் தீர்க்கும் விஷயமாக இருக்கக் கூடாது. உயிர்காக்கும் அழைப்பு முதலில், பிறகு களப்பணி, கடைசியில் அலுவலக வேலை என்று வரிசையைக் கருவியிலேயே போட்டுவிடுங்கள். பொதுப் பேச்சுக் குழுக்களுக்கு, அதாவது ரேடியோவில் பலரும் சேர்ந்து பேசத் தேர்ந்தெடுக்கும் சேனல்களுக்கு, எல்லா உறுப்பினர்களின் ரேடியோவிலும் ஒரே பெயர், ஒரே இடம். ஒருவர் ரேடியோவில் "பொது 1", இன்னொருவர் ரேடியோவில் அதே குழுவுக்கு "அவசரம் ஏ" என்று இருந்தால் இணைப்பு இருந்தும் இல்லாதது மாதிரிதான். சங்கேத எண்களும் வேண்டாம், ஒரு துறையில் ஒரு எண்ணுக்கு ஒரு அர்த்தம், பக்கத்துத் துறையில் அதே எண்ணுக்கு வேறு அர்த்தம். அமெரிக்காவில் 2006 நிதியாண்டிலிருந்து, பல துறைகள் சேரும் சம்பவங்களில் சாதாரணப் பேச்சு மொழியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதை மத்திய மானியத்துக்கே நிபந்தனையாக்கினார்கள்.

மின்சாரத்தை மறந்துவிட வேண்டாம். 2011 ஜப்பான் சுனாமியில், இடிந்து விழாத செல்போன் தளங்களும் மின்சாரம் போய், பேட்டரி தீர்ந்து ஏராளமாக நின்றன. ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள். சாலை மூழ்கியிருக்கும்போது டீசலை யார், எந்த வண்டியில் கொண்டுவருவார் என்று கேளுங்கள், அறை அமைதியாகிவிடும். பதிலைப் பெயரோடு எழுதி, வருடத்துக்கு இரண்டு முறை நிஜமாகவே மின்சாரத்தை நிறுத்தி ஒத்திகை பாருங்கள். பழுது சொல்ல எல்லாருக்கும் ஒரே தொலைபேசி எண், இரவிலும் மனிதர் எடுக்கும் எண். பெரிய திருவிழா, தேர்தல், புயல் எச்சரிக்கை நாட்களில் நெட்வொர்க்கில் எந்த மாற்றமும் செய்வதில்லை என்று ஒரு தடைக்காலமும் வேண்டும்.

விலகும் விதி

விலக வழியில்லாத ஒப்பந்தத்தில் புத்திசாலியான நிர்வாகம் எதுவும் சேராது. அமெரிக்காவில் போலீஸ், தீயணைப்பு போன்ற அவசரப் பணியாளர்களுக்கான தேசிய நெட்வொர்க்கான ஃபர்ஸ்ட்நெட் திட்டத்தை உண்டாக்கிய 2012 சட்டம், மாநிலங்கள் தேசியத் திட்டத்தில் சேராமல் தங்கள் எல்லைக்குள் கோபுர வலையமைப்பைத் தாங்களே கட்டிக்கொள்ள வழிவிட்டது, ஆனால் அது தேசிய நெட்வொர்க்கோடு ஒத்துப்போகும் என்று காட்டியாக வேண்டும். 2017 முடிவதற்குள் 50 மாநிலங்களும் சேர்ந்தன. கதவு திறந்தே இருந்தது, வெளியே போகும் செலவும் தெரிந்தது, அதனால் கணக்குப் போட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

உங்கள் ஒப்பந்தத்திலும் இப்படி எழுதலாம். விலகுபவர் இரண்டு பட்ஜெட் ஆண்டு முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். அவர் இருந்தபோது வாங்கிய கடனில் அவர் பங்கு தீரும்வரை கட்ட வேண்டும். அவர் நிலத்தில் நிற்கும் பொதுக் கோபுரத்தைக் கூட்டமைப்பு தேய்மானம் கழித்த விலைக்கு வாங்கலாம் அல்லது ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம், எடுத்துப் போடச் சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. சேரும்போது அவர் கொண்டுவந்த அலைவரிசை உரிமத்தில்தான் பெரிய தகராறு வரும், ஏனென்றால் அதற்குள் பொது நெட்வொர்க் முழுதும் அந்த அலைவரிசையில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அவருக்கு அதே அளவு வேறு அலைவரிசை கிடைக்கும்வரை பொதுப் பயன்பாடு தொடரும் என்று ஒரு வரி வேண்டும். அவருடைய ரேடியோக்களில் இருக்கும் பொதுக் குறியாக்கச் சாவியை விலகும் நாளிலேயே மாற்றிவிட வேண்டும், ஆனால் பொது அவசரப் பேச்சுக் குழு அவர் ரேடியோவில் இருக்கட்டும். விலகிய பிறகும் அவர் பக்கத்து ஊர்தான், தீப்பிடித்தால் இரண்டு பக்கத்து வண்டியும் வரத்தான் போகிறது.

இந்தப் பக்கங்களை வக்கீலிடம் கொடுத்துவிட்டு, எல்லா உறுப்பினர்களின் மன்றத்திலும் தீர்மானமாக நிறைவேறிய பிறகு முதல் டெண்டரை விடுங்கள்.